இருபத்தெட்டாம் தேதி

செந்தூல் அடுக்குமாடியில் பத்தாம் மாடி எங்களுடையது.
மின்தூக்கி ஒற்றைப்படை மாடிகளில்தான் நிற்கும்.
பதினொன்றில் இறங்கி ஒரு மாடி கீழே நடப்போம்.
சம்பளத்துக்கு மூன்று நாள்.
பணப்பையில் பதினான்கு ரிங்கிட்,
அதில் பத்து, மோட்டாரின் பெட்ரோலுக்கு.
நாலு பேருக்கு நாலு ரிங்கிட் என்றேன்.
"கணக்கு சரியாத்தானே வருது" என்று
மங்களேஸ்வரி காலுறை மாட்டினாள்.
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கு இரவு வேலை.

சனிக்கிழமை அடுப்பு எனக்கு.
நான் வீடு வீடாகப் பார்சல் போடுகிறவன்.
தெரிந்த கலை ஒன்றுதான்:
கனமானது அடியில்,
நொறுங்குவது மேலே.

குளிர்பெட்டியைத் திறக்கிறேன்.
ஐஸ்கிரீம் டப்பாவில் புதன்கிழமைப் பருப்பு,
ஆடை கட்டி, சலனமில்லாமல்.
வியாழக்கிழமைச் சோறு, டப்பாவின் வடிவத்திலேயே வெளியே வருகிறது.
மாமாக் கடையில் ரொட்டி சானாயோடு வந்த சம்பால்,
ரப்பர் வளையம் கழற்றாத பையில்.
அரை டின் சார்டின்.
பக்கத்து வீட்டு ரோஹானி அக்கா
கெண்டூரிக்குப் போய்த் தாப்பாவ் கட்டிவந்து
எங்களுக்கும் பங்கு தந்த கோழி.
ரொட்டிப் பொட்டலத்தின் இரண்டு முனைகள்,
எந்த வாரமும் எவரும் சீந்தாதவை.
நாலு ரிங்கிட்டுக்கு முட்டையும் ஒரு வெங்காயமும் வாங்கியாயிற்று.

சட்டியில் சுண்டவைத்தால் சுண்டக்கறி.
கம்பெனி விருந்துக் குலுக்கலில் விழுந்த
இந்தச் சின்ன ஓவனில் வைத்தால்
அதற்குப் பெயர் என்ன?
"பார்சல்" என்றான் லோகேந்திரன்,
கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல்.

சோற்றை உதிர்த்துப் பரப்பினேன்.
பருப்பை ஊற்றினேன்.
கோழியை எலும்பிலிருந்து பிய்க்கும்போதுதான் பார்த்தேன்:
இரண்டு காலும் அப்படியே இருந்தன.
இந்த வீட்டில் கோழிக்கால் மிஞ்சியதே கிடையாது.
புவிஷா அதற்காக அண்ணனைக் கடித்திருக்கிறாள்.

அவள் பள்ளிக்கூட டப்பாவைத் திறந்தேன்.
ஒரே ஒரு பல் பதிந்த ஆப்பிள், பழுத்துக் கறுத்து.
ரொட்டியின் ஓரங்கள் மட்டும், சதுரச் சட்டம் போல.
முறுக்கு, எண்ணி மூன்று.
மெத்தென்றிருந்ததெல்லாம் தீர்ந்திருக்கிறது.
கடிக்க வேண்டியதெல்லாம்
செவ்வாயிலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

"வாயத் திற."
"எதுக்கு?"
"திறம்மா."
கைப்பேசி வெளிச்சத்தில்
இடப்பக்கம், கீழே, கடைசிக்கு முந்தியது:
மிளகளவு கறுப்பு. சுற்றிலும் சிவப்பு.

"ஏன் சொல்லல?"
"அண்ணன் பல்லுக்கு நூத்தியிருபது ஆச்சுன்னு
அம்மா போன்ல சொன்னாங்க."
ஒன்பது வயது.
எங்கள் வீட்டின் செலவுக் கணக்கு
எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு வாயிலும் இருந்திருக்கிறது.

அரசாங்கக் கிளினிக்குக்கு அவ்வளவு ஆகாது என்றேன்.
திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய் நம்பர் எடுப்போம் என்றேன்.
"ஊசி போடுவாங்களா?"
அதற்கு நான் வெங்காயம் நறுக்கினேன்.

பிறகு தட்டை இரண்டாகப் பிரித்தேன்.
வலப்பக்கம் ரொட்டி முனைகளை நொறுக்கித் தூவினேன்.
இடப்பக்கம் முட்டையை மட்டும் அடித்து ஊற்றினேன்.
மசித்த சார்டின், அவளுக்காக முள் தேடி இரண்டு முறை.
முப்பது நிமிடம்.
வெந்து வந்தபோது லோகேந்திரன் எட்டிப் பார்த்தான்:
"ஏன்பா பாதி வழுக்கையா இருக்கு?"
சொல்லாமலே தெரிந்துகொண்டான் போலிருக்கிறது,
கரகரப்பை மட்டும் சுரண்டித் தின்றான்.
அவள் வலப்பக்கமாகவே மென்று
மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.
சம்பால் கொஞ்சம் புளித்திருந்தது. யாரும் பேசவில்லை.

எல்லையில் ஒரு துண்டு வெட்டி மூடி வைத்தேன்,
பாதி மொறுமொறு, பாதி மெத்து.

காலை ஏழரைக்கு மங்களேஸ்வரி வந்தாள்,
கையெல்லாம் வெளுப்புத்தூள் வாசம்.
நின்றபடியே இரண்டு வாய்.
"நல்லாருக்கே. என்னல்லாம் போட்ட?"
புதன்கிழமைப் பருப்பு என்று தொடங்கினேன்,
வியாழன், ரோஹானி அக்கா,
முள் எடுத்த சார்டின் என்று போய்க்கொண்டிருந்தேன்.
பல்லுக்கு வருவதற்குள்
நாற்காலியில் சாய்ந்து,
கரண்டியைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள்.