அரைக் கண்ணி

முதல் தடவை வந்தபோதே
அன்செல்ம் ஜானெரோ வணக்கம் சொல்லவில்லை.
மணிக்கட்டை மேசைமேல் வைத்தார்,
கெட்டுப்போன மீனைத் திருப்பிக் கொடுக்கிறவர்போல.
"முடியைப் பிடுங்குகிறது."

பிடுங்கத்தான் செய்தது.
ஆறாவது கண்ணிக்கும் ஏழாவதற்கும் இடையே
நரைத்த முடி இரண்டு மாட்டியிருந்தன.
கண்ணி என்று சும்மாவா பெயர்.

பெஸான்சோனில், ஆற்றின் வளைவுக்குள் என் கடை.
ஒரு விளக்கு, ஒரு உருப்பெருக்கி,
சுவருக்கு அப்பால் ரொட்டிக்கடை.
பதினொன்றரைக்கு மேல்
திருப்புளிகூட வெண்ணெய் மணக்கும்.

பட்டையைக் கழற்றி விரல்மேல் போட்டேன்.
விழுந்ததும் இருபுறமும் தொங்க வேண்டும்,
தூங்குகிற பூனையைத் தூக்கினால் தொங்குமே, அப்படி:
எலும்பு இருக்கும், பிடிவாதம் இருக்காது.
இது குச்சியாய் நின்றது.
பதினோரு வருடச் சோப்பும் வியர்வையும்
மூட்டுக்கு மூட்டு கறுப்பு மாவாய்ப் பிசைந்து கிடக்க,
போதாததற்கு
யாரோ திருகுகளில் பசை வைத்திருக்கிறார்கள்.
"மைத்துனர்," என்றார்.
வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சூடு காட்டிப் பசையை இளக்கினேன்.
அதிரும் தொட்டியில் எட்டு நிமிடம்;
தண்ணீர் காப்பி நிறமாயிற்று.
பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தேன். சற்றே தாழ்ந்தது.
ஒரு புருவத்தின் வளைவு அளவு தாழலாம்,
அதற்கு மேல் என்றால் துளைகள் தேய்ந்த கதை.
இது தேயவில்லை. அடைபட்டிருந்தது, அவ்வளவே.

"ஆடக்கூடாது. கொஞ்சம்கூட."
"கொஞ்சம் ஆட வேண்டும், முசியே.
சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு."
"நான் கையால் வேலை செய்கிறவன்."
நான் மட்டும் காலாலா செய்கிறேன்?
கேட்கவில்லை.
கேட்டபடி இறுக்கிக் கொடுத்தேன்.

அது பிப்ரவரி.
பிப்ரவரியில் எல்லோர் கையும் பொய் சொல்லும்.
ஆறு மணிப் பக்கம் ஒரு முழுக் கண்ணியை எடுத்ததில்
பூட்டு நடுவிலிருந்து நழுவி எலும்பில் ஏறியது.
பார்த்தேன்.
ரொட்டிக்கடை மூடுகிற நேரம்,
பார்த்ததை விட்டுவிட்டேன்.

ஜூலையில் வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை.
ஒரு ஞாயிறு கால்வாய்க் கரையோரம் சைக்கிளில் போகையில்
மதகடியில் நின்றிருந்தார்.
கைப்பிடிச் சக்கரம் சுற்றுகிறவர் என்று
அன்றுதான் தெரியும்.
நெதர்லாந்துக் கொடி கட்டிய படகொன்று
தொட்டிக்குள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.
மூடிய கதவுகள் சந்திக்கும் கோட்டில்
ஒரு நூல் தண்ணீர்.
படகுக்காரி விரல் நீட்டி ஏதோ கேட்டாள்.
"கசியட்டும். கசியாத கதவு திறக்காது," என்றார்.

கடிகாரம் சட்டைப்பையில் இருந்தது.
மணிக்கட்டின் உள்ளே
பூட்டின் அளவில் சிவந்த செவ்வகம்.

நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்திருந்தால்
நானும் ஒரு மைத்துனர் ஆகியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார். அன்றும் வணக்கம் இல்லை.
பிப்ரவரிக் கண்ணி சிறு உறையில், அவர் பெயரோடு.
போட்டால் அதிகம், விட்டால் குறைவு.
மூன்று இழுப்பறை கவிழ்த்தேன்,
பொத்தான் டப்பாவையும் கவிழ்த்தேன்,
அரைக் கண்ணி ஒன்று
வேறெவரோ கடிகாரத்தின் திருகுக்கு அடியில் கிடந்தது.
ஆறு மணிப் பக்கம் சேர்த்தேன்.
திருகு கடைசிச் சுற்றில் முனகாமல் நின்றது.

பூட்டு விழுந்தது.
கையைத் தொங்கவிட்டார்;
எலும்புவரை இறங்கி நின்றது.
உயர்த்தினார்; ஒரு விரல்கடை பின்வாங்கியது.
முடி ஒன்றும் போகவில்லை.

"ஆடுகிறது."
"ஆமாம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
குடையை விரிக்காமல், சன்னலுக்கு அப்பால்,
யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்
கையை உயர்த்தினார், இறக்கினார்,
இன்னொரு தடவை உயர்த்தினார்.

சீட்டில் எழுதினேன்: அரை, நான்கு யூரோ.
தர மறந்துவிட்டுப் போயிருந்தார்.