ஏழாவது சன்னல்

கிளாக்ஸ்விக் துறைமுகத்து மாடியறையில்
என் திரைமேல் பன்னிரண்டு சன்னல்கள்.
சன்னலுக்கொரு கூண்டு,
கூண்டுக்கு அறுபதாயிரம் சால்மன்.
தீவன உருண்டை தின்பாரற்று
கீழே இறங்கத் தொடங்கினால்
குழாயை நிறுத்த வேண்டும்.
என் வேலை அவ்வளவுதான்:
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஒரு பசி அடங்குவதைப் பார்ப்பது.

செவ்வாய்க்கிழமை காலை
மீன்கள் திக்கத் தொடங்கின.
வால் திரும்பிவிட்டது,
தலை பழைய இடத்திலேயே நின்றது.
பிறகு உடம்பு கட்டங்கட்டமாய்ப் பிரிந்து
ஒவ்வொரு கட்டமும் தன் போக்கில் நீந்தியது.
ஒன்பது மணிக்கு
ஏழாவது சன்னல் முழுக்கப் பச்சை.

பெர்கனில் இருக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன்.
டிரைவரைப் புதுப்பியுங்கள் என்றார்கள்.
புதுப்பித்தேன். இன்னும் மோசம்.
அப்படியானால் பழைய டிரைவருக்கே திரும்புங்கள்.
திரும்பினேன்.
போன மார்ச்சுக்குத் திரும்பிப் போக
கணினிக்கு நான்கு நிமிடம் போதும்.
எனக்கும் டுரோண்டுருக்கும் அந்த வசதி இல்லை.

ஹார்டுவேர் முடுக்கத்தை அணையுங்கள்.
அணைத்தேன்.
கிராபிக்ஸ் அட்டையின் சுமை மொத்தமும்
பிராசஸர் தலையில் விழுந்தது.
பன்னிரண்டு பந்திக்கு ஒற்றை ஆள்
பரிமாறுவதுபோல் அதற்கு மூச்சிரைத்தது.
கட்டங்கள் மறைந்தன,
பச்சை மறையவில்லை,
படம் பதினோரு நொடி பிந்தி வந்தது.
போதும் என்று மீன் முகம் திருப்பிய பிறகும்
பதினோரு நொடி
நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன்.
(என்னைப் பற்றி டுரோண்டுர் சொன்ன புகாரும்
ஏறக்குறைய இதுதான்.)

கேபிளை மாற்றினேன். கோடெக்கை மாற்றினேன்.
முடுக்கத்தை மறுபடி போட்டுவிட்டு
அட்டையின் சூடு பார்த்தேன்: தொண்ணூற்றிரண்டு டிகிரி.
வெளியே ஒன்பது, மழை.
ஜூன் மாதம் முழுவதும் இந்தத் தீவில் கிடைக்காத கோடை
என் மேசையடிப் பெட்டிக்குள் இருந்தது.

திருகாணிகளைக் கழற்றித் திறந்தேன்.
விசிறியின் கழுத்தில் சாம்பல்நிற நூல்.
இடுக்கியால் பிடித்து இழுத்தேன்,
வந்துகொண்டே இருந்தது.
கம்பளி.
பெட்டியின் காற்றுத்துளையோடு ஒட்டி
என் பின்னல்கூடை.
மூன்று குளிர்காலம்
மீன்கள் தின்னும் நேரமெல்லாம் பின்னிய
நான்கு ஸ்வெட்டர், எண்ணாமல் விட்ட காலுறை,
அவற்றின் உதிரியெல்லாம்
இங்கே ஐந்தாவது ஸ்வெட்டராகி
ஒரு விசிறிக்குப் போர்த்தியிருந்தது.
பெர்கனைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன்,
டுரோண்டுர் போட்டுவிட்டுப் போன வயரிங்கை
அவன் பெயர் சொல்லியே திட்டினேன்.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
எனக்கு என் காலடி தெரியவில்லை.

பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன்,
சிப்பின்மேல் புதுப் பசை ஒரு பட்டாணியளவு,
மூடினேன், கூடையை அலமாரிமேல் ஏற்றினேன்.
அறுபத்தொன்று டிகிரி.
பதினோரு சன்னல்களில்
மீன்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கின.
ஏழாவது, பச்சை.

ரேடியோவில் ஹொக்னியைப் பிடித்தேன்.
"ஏழாம் கூண்டுக் கேமராவைத் துடைத்துவிடு,
நிறத்தைத் தப்பாகக் காட்டுகிறது."
இரைச்சல். அவன் எஞ்சினை நிறுத்தியது கேட்டது.
வாளி ஒன்று நீரில் விழுந்தது கேட்டது.
"நிறம் சரிதான், ரன்வா.
கடல்தான் இப்படி இருக்கிறது.
பாசி பெருகிவிட்டது,
குடாவின் வாயிலிருந்து வருகிறது."

மூச்சடைத்துக் கிடந்த ஓர் அட்டை
காலை முழுக்க உளறியது,
ஒரே ஒரு சன்னலில் மட்டும் உண்மை சொன்னது.
அந்த ஒன்றைத்தான்
நான் அதிகம் பழுதுபார்த்தேன்.

ஏழின் குழாயை மூடினேன்.
மீன்கள் எப்போதோ அடியில் ஒதுங்கிவிட்டிருந்தன;
உருண்டைகள் பச்சைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன,
எவ்வளவு நேரமாகவோ.

"எட்டு எப்படி?" என்றான் ஹொக்னி.
மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தேன்.
தெளிவு. செதில்கூட எண்ணலாம்.
இடது ஓரத்தில் மட்டும்
இருக்கிறதா இல்லையா என்பதுபோல் ஒரு சாயல்.
மவுஸ்மேல் இருந்த கையை எடுத்தேன்.
"எட்டையும் நிறுத்துகிறேன்" என்றேன்.