உட்காருபவர்களுக்காகப் போட்ட தளம்

கொன்செப்சியோனில் நிலம் நடுங்கினால்
யாரும் சட்டென்று எழுந்து ஓடுவதில்லை.
கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஐந்து, இல்லை ஐந்தரை, என்று ஒரு எண் சொல்லிவிட்டுக்
குடிப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து
ஒன்பதாம் மாடிக் காப்பீட்டு அலுவலகம் எழுதியது:
செவ்வாய், வியாழன், மாலை ஆறே முக்காலுக்கு
எங்கள் திரைகள் நடுங்குகின்றன.
நிலம் என்றால் பொறுத்துக்கொள்வோம்.
இது நிலம் இல்லை.
கையெழுத்து: எதெல்மிரா குரிகேயோ.

அந்தத் தளத்தை வரைந்தது நான்.
பதினொரு மீட்டர், நடுவில் தூண் இல்லை.
ஆற்றை மறைக்குமாம், வேண்டாம் என்றார்கள்.
மேசைகளுக்குக் கணக்குப் போட்டேன்,
அலமாரிகளுக்கு,
பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் இருபது பேருக்கு.
பூகம்பத்துக்கும் போட்டேன்; அது சட்டம்.
சுவருக்கு அந்தப் பக்கம், அதே உத்தரங்களின் மேல்,
நாற்பது பேர் ஒரே பாட்டுக்கு
ஒன்றாகக் குதிப்பார்களா என்று
யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அளவுமானியைத் தரையில் வைத்துக் காத்திருந்தேன்.
தளத்துக்கென்று ஒரு ஆட்டம் உண்டு,
நொடிக்கு ஐந்து, கொஞ்சம் கூட.
குதிப்பவர்களுக்கு இரண்டரை.
பாதிதானே என்று தோன்றும்.
ஊஞ்சலை ஒருமுறை விட்டு ஒருமுறை தள்ளினாலும்
ஏறிக்கொண்டேதான் போகும்.

கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு பல் மருத்துவர், வங்கிக் காசாளர்,
தால்காவானோ மீன் ஆலைக்கு
இரவு வேலைக்குப் போகுமுன் வந்த இரு சகோதரிகள்.
அவர்கள் கால் இறங்க
என் கோடு எழும்பியது.
எதெல்மிராவின் குண்டூசி டப்பா கிசுகிசுத்தது.

விழாது, என்றேன்.
தெரியும், என்றாள்.
விழுந்ததையும் பார்த்தவள், விழாததையும் பார்த்தவள்.
உடம்பு உங்கள் கணக்கைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உத்தரத்தின் அடியில் எஃகு சேர்க்கலாம் என்றேன்;
விலையைக் கேட்டதும் உரிமையாளர் சன்னலைப் பார்த்தார்.
தரைத்தளத்துக்கு மாற்றலாம்;
அங்கே மருந்துக்கடை, இன்னும் ஆறு வருட ஒப்பந்தம்.

கடைசியில் பயிற்சியாளர் நிபால்தோவிடம்
வெட்கத்தோடு போய் நின்றேன்.
பாட்டை மெதுவாக்க முடியுமா?
நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்து மூன்றை
நூற்று இருபதாக?
அது சவ ஊர்வலம், பொறியாளரம்மா.
ஆனால் வியாழக்கிழமை மாற்றிப் பார்த்தார்.
கோடு படுத்துக்கொண்டது.
மூன்றாம் பாட்டில், சகோதரிகளில் இளையவள்
பொறுக்க மாட்டாமல்
தன் வேகத்தில், தனியாக, குதித்துக்கொண்டே இருந்தாள்.
ஒருத்திதானே,
தளம் அவளைக் கவனிக்கவே இல்லை.

இப்போது என் மேசையில் வேறொரு கட்டடம்.
பயன்பாடு என்ற கட்டத்தில்
அலுவலகம் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.
உத்தரங்களை ஒரு சாண் ஆழமாக்கி அனுப்பினேன்.
யாருக்காக என்று கேட்டு
பதில் வந்திருக்கிறது.