புதிய டியூப்லைட்

டுலூத் சிறையில் படமெடுப்பவள் நான்.
பெயர் மாரிட் காங்காஸ். இருபத்திரண்டு வருட வேலை.
இதுவரை என் படத்தில்
ஒருவரும் அழகாக விழுந்ததில்லை.

ஒரு மாதமாக மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டை
அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம்தான் மாற்றினார்கள்.
பழையதன் வெளிச்சம் நோயாளியின் நகம்போல மஞ்சள்.
புதியது சுத்த வெள்ளை,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.
ஏணிக்காரனுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.

இரவு பதினொன்றே காலுக்கு அவனைக் கொண்டுவந்தார்கள்.
டேன் ஆஸ்ட்ரோவ், இருபத்தாறு வயது.
மருந்துக்கடை வெர்லின் சாரினெனைச்
சுட்டிருக்கலாம் என்று சந்தேகம்.
ஏரிக்காற்றில் நடத்திக் கூட்டிவந்ததில்
கண் கலங்கியிருந்தது.
சளி வேறு. இரண்டு முறை தும்மினான்.
முகவாயைத் தூக்கு என்றேன்,
தூக்கினான்.
நான் செய்தது அவ்வளவுதான்.

விடிவதற்குள் நாற்பது லட்சம் பேர்
அவனைப் பார்த்துவிட்டார்கள்.
அந்தக் கண்ணீரைப் பாருங்கள், என்றாள் ஒருத்தி.
பால் வடியும் முகம், என்றான் ஒருவன்.
இந்தக் கன்ன எலும்பு கொலை செய்யுமா
என்ற கேள்விக்கு
இரண்டு லட்சம் இதயங்கள் சிவந்தன.
ரெசிஃபேயில் யாரோ தோளில் பச்சை குத்திக்கொண்டார்கள்,
என் புதிய டியூப்லைட் போட்ட நிழலையும் சேர்த்து.

மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது.
காதலைக் கத்தியால் பிரித்து
போதைத்தூள் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது
டோபியாஸின் வேலை.
வாசனைத் திரவியம் அவனுக்கு ஆகாது.
மூக்கு சிவந்து அலைந்தான்.

செத்தவருக்கும் ஒரு படம் இருந்தது.
ஓட்டுநர் உரிமத்தில் எடுத்தது,
கண் பாதி மூடியிருக்கும்.
அதை ஒருவரும் பகிரவில்லை.
விலையை ஏற்றி விற்றவன், போகட்டும்
என்று மட்டும் எழுதினார்கள்.
நல்லவர் என்று நானும் சொல்லமாட்டேன்.
காதுச் சொட்டு மருந்து கேட்கப் போனபோது
என்மேல் எரிந்து விழுந்தார்.
ஆனால் மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளித்தான் எண்ணுவார்.
உதடு அசையும்.
தவறினால் முதலிலிருந்து தொடங்குவார்.

பதினோராம் நாள் இன்னொருவனைப் பிடித்தார்கள்.
ஓரின் ஹாட்ச். இரும்புத்தாதுத் துறையில் கூலி.
கொதிகலன் வெடித்ததில் பாதி முகம் வெந்தவன்.
தீக்காயம் இடப்பக்கம்.
வெளிச்சமும் இடப்பக்கம்.
சற்றே திருப்பி நிறுத்தியிருக்கலாம்.
விதி நேராகத்தான் என்கிறது,
நானும் நேராகவே எடுத்தேன்.

பார்த்தாலே தெரிகிறதே, என்றார்கள்.
அகத்தின் அழகு முகத்தில் என்பார்களே,
அதையே ஆயிரம் விதமாக.
முந்தாநாள் வரை
தீர்ப்புக்கு முன் பேசாதீர்கள் என்று
சட்டம் சொல்லிக் கொடுத்தவர்கள்தான்.
அன்றிரவே அவன் தங்கை வீட்டு விலாசம் கிடைத்துவிட்டது.
மூன்று ஜன்னல்.
நான்காவது குளியலறையினுடையது, சின்னது,
தப்பித்தது.

ஏழாம் அறையில் ஒருவன், ஒன்பதில் ஒருவன்.
இடையிலிருக்கும் எட்டு காலி.
யார் சுட்டது என்று எனக்குத் தெரியாது.
இருவரும் இரவில் இருமுகிறார்கள்.
சாப்பாட்டுத் தட்டை இருவருமே
கழுவியதுபோலத் திருப்பித் தருகிறார்கள்.

அக்காள் மகள் கேட்டாள்,
நிஜமாகவே நீயா எடுத்தாய் சித்தி,
ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் தருவாயா?
தோழிகளிடம் சொல்லிவிட்டாளாம்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு நிமிர்த்தி
எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஏணிக்காரனை அழைத்து
விளக்கை நேராக்கச் சொன்னேன்.
எதற்கு, படம் நன்றாகத்தானே விழுகிறது, என்றான்.

நேற்று ஒரு பையன்,
குடித்துவிட்டுக் காரைப் பனிக்குவியலில் ஏற்றியவன்.
விலங்கோடு கையைத் தூக்கித் தலை கோதிக்கொண்டான்.
எந்தப் பக்கம் பார்க்கட்டும், என்றான்.
நேராக, என்றேன்.
எடுத்ததும், காட்டுங்களேன், என்றான்.

காட்டக்கூடாது.
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
இன்னொன்று எடுக்கலாமா, என்றான்.