மூக்கால் தேடியது

பெயர் பிளாட்டிசேஸ்.
மெர்வ் ட்ரான்டர் அதை ஒருமுறையும் சரியாகச் சொன்னதில்லை.
கேரட் குடும்பமாம்.
சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயமென்று
வீட்டுக்கு வீடு சமையல் வேலைக்குப் போன குடும்பத்தில்
இது மட்டும் எங்கேயும் போகவில்லை.
ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு மேலே
மணற்பாறை வெடிப்பில்
முழங்கால் உயரத்துக்கு
குச்சியும் ஒல்லி இலையுமாக நின்றுவிட்டது.

கல்லறைத்தோட்டத்தின் பின்வேலி நெடுக
தீ தாண்டாதிருக்க ஒரு பட்டை.
வருடா வருடம் அக்டோபரில்
அதில் முளைத்ததையெல்லாம் மட்டமாக வெட்டுவது
நகராட்சியில் எங்கள் வேலை.
வெட்டுவண்டி அவர் ஓட்டுவார்.
முன்னால் நடந்து கல் பொறுக்குவது நான்.

ஒன்பது வருடமாக
எங்களுக்கு முந்தின நாளே வந்து
க்ளெனிஸ் ரட்டர் என்றொரு பெண்மணி
ஒரே ஒரு செடிக்கு
இளஞ்சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போவார்.
"வந்துட்டா பார் பார்ஸ்லி மகாராணி" என்று திட்டியபடி
மெர்வ் ஸ்டியரிங்கை ஒடிப்பார்.
ஒரு சாண்தான் விடுவார்.
போன வருடம் இரண்டு முழம் விட்டார்,
நான் கேட்கவில்லை.

இந்த வருடம் நாடா இல்லை.
இடுப்பெலும்பு முறிந்து
நியூகாஸிலில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.

பூத்திருந்தால் தெரிந்திருக்கும்.
குண்டூசித் தலையளவு வெள்ளைகள் கூடி
ஒரு சின்னக் குடை.
அது டிசம்பரில்.
அக்டோபரில் எல்லாப் புதரும் ஒரே புதர்.

எஞ்சினை அணைத்தார்.
காதுமூடியைக் கழற்றினார்.
நூற்றுப்பத்து கிலோ மனிதர்
முட்டி போட்டு
இலை கிள்ளி, கசக்கி, முகர்ந்து,
அடுத்தது கிள்ளி.
டீ-ட்ரீ. தும்மினார்.
ஏதோ எலுமிச்சை.
ஏதோ ஒன்றுமேயில்லை.
வேலிக்கு அப்பால் பூ வைக்க வந்தவர்கள்
அவர் அழுவதாக நினைத்து
தலை தாழ்த்திக் கடந்து போனார்கள்.

பதினோராவதில் நிமிர்ந்தார்.
விரலை என் மூக்கருகே நீட்டினார்.
கேரட் தோல் சீவிப்போட்ட சிங்க்.

கட்ட எங்களிடம் எதுவும் இல்லை.
இடது பூட்ஸ் கயிற்றை உருவினார்.
மதியம்வரை
கழன்ற பூட்ஸால் கிளட்சை மிதித்து
க்ளெனிஸைத்தான் திட்டினார்.

அவர் காத்துவந்தது இதே செடிதானா,
யாருக்குத் தெரியும்.
தண்ணீர் எடுக்கத் திரும்பி நடந்தேன்.
காலையிலேயே வண்டி போன தடத்தில்
வெட்டுண்டு வாடிய தழை.
மிதித்ததும் எழுந்தது
லேசாக,
அங்கங்கே,
அதே வாசனை.
மெர்விடம் சொல்லவில்லை.