நடுக்கம் முந்தி வர வேண்டும்

டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
காலடியிலும் கண்ணாடி.
இரவில், சாட்ஸ்வொர்த் வீட்டில்,
மகனின் கணக்குப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு
சாப்பாட்டு மேசையில் ஸ்பிட்ஃபயர்.

வேகம் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது,
வலது காலை அழுத்திக்கொள்கிறேன்.
அதுவரை சரி.
இறுக்கித் திரும்பினால்தான் வம்பு:
சிறகு ஒரு வார்த்தை சொல்லாமல்
காற்றைக் கைவிடுகிறது.
மல்லாந்து, சுழன்று, கடல்.
பின்னால் வந்தவன் சுடவே வேண்டியதில்லை.

"எந்த விமானமும் இப்படிச் சாகாது" என்றேன்.
அதன் கணக்குகளை எழுதும் கோகிலன் படையாச்சி
சிரித்தான். "நீங்கள் ஓட்டியதுண்டா, அக்கா?"

இல்லை.
ஆனால் தென்மேற்குக் காற்று திடுமெனத் திரும்பும் மதியங்களில்
முப்பது டன் பெட்டி என் கம்பியில் தொங்கும்.
அது ஊசலாடத் தொடங்குமுன்,
எச்சரிக்கைச் சங்கு ஊதுமுன்,
என் இருக்கையில் ஒரு நடுக்கம் வரும்,
நியூட்ரலில் நிற்கும் பழைய பஸ் மாதிரி.
அதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

எட்டு நாள் கழித்து
ஒரே ஒரு எண்ணை மாற்றி அனுப்பினான்.

நேற்று மேகத்தின் ஓரமாக இழுத்துத் திரும்பினேன்.
கைப்பிடிக்குள் வந்தது, அதே பஸ்.
முன்னே தளர்த்தினேன்.
எதிரி தப்பிவிட்டான், போகட்டும்,
சிறகு பிடித்துக்கொண்டது.
உடனே மின்வெட்டு.
திரை, ஃபிரிட்ஜ், தெரு முழுக்க.

அது இன்னும் இரண்டாயிரம் அடியில் இருக்கிறது என்று
வலது காலை எடுக்காமல்
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.