மணிக்கட்டின் உள்பக்கம்

கிளினிக்கில் கொடுத்த வெள்ளை டப்பா
பத்தே நாளில் வழித்தெடுத்தாயிற்று.
அடுத்தது அடுத்த மாதம் என்கிறது சீட்டு.

தெலுக் இந்தான் மருந்துக் கடையில்
நாற்பத்தெட்டு ரிங்கிட்.
வாசனை இல்லாததற்குத்தான் விலை கூடவாம்.
ஆறு மணி நேர ஓ.டி. என்று
மனதுக்குள் மாற்றிக்கொண்டேன்.
பொடி எழுத்தில் கிளிசரின் என்றிருந்தது.
எங்கள் ஆலையில் பிழிந்த எண்ணெயாகவும் இருக்கலாம்,
யார் கண்டது.

பள்ளியில் அவளை லோஷன் என்கிறார்களாம்.
பெயர் லோஷினி.
எவ்வளவு சுலபம் அவர்களுக்கு.

அவள் அம்மாவுக்கு இந்த வாரம் இரவு வேலை.
துண்டால் தேய்க்காதே, ஒற்று;
ஈரம் காயுமுன் தடவு
என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.
ஒற்றினேன்.
முழங்கை மடிப்பில் விரல் வைத்ததும்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.
"அப்பா, உங்க கை முள்ளு."

பதினோரு வருஷம்
பாய்லர் வாயில் கிடந்த கை.
காய்த்தது காய்த்ததுதான்.

புறங்கையால் பார்த்தேன், அங்கே தீத்தழும்பு.
கடைசியில் மணிக்கட்டின் உள்பக்கம்,
நரம்பு பச்சையாய்த் தெரியும்
இரண்டு விரல் இடம்.
என்னிடம் மிச்சமிருந்த தோல் அவ்வளவுதான்.
அதில் க்ரீமை அப்பி
அவள் மடிப்பில் மெல்ல உருட்டினேன்,
சப்பாத்திக் கட்டை தெரியாதவன் உருட்டுவதுபோல.

"கூசுது" என்றாள்.
எரியுது என்று சொல்லவில்லை.

குலை ஏற்றிய லோரிகள் போய் அடங்கிய பிறகும்
பலகைச் சுவரில் காது வைத்துப் படுத்திருந்தேன்.
இரண்டு மணி வரை ஒன்றுமில்லை.
பிறகு அந்தச் சத்தம், நகம்.
எழுந்து
மணிக்கட்டைக் கழுவிக்கொண்டு போனேன்.